மூச்சுக்கும் சோற்றுக்கும் ஒரே வாசல்

(பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் நுரையீரல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கரும்பேந்திய தண்டாயுதபாணி குடிகொண்ட மலை இருக்கும் ஊர், சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். இங்கே வந்திருப்பவர்களில் பலருக்கு இளைப்பு. மற்றவர்கள் இளைப்புக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்த மகன், மகள், மருமகள், பேத்தி. நுரையீரல் டாக்டர் மூச்சைப் பற்றிப் பேசுவார் என்றுதான் வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றி. சோறும் தண்ணீரும் தொண்டையைத் தாண்டும் ஒரு நொடியைப் பற்றி.

போன ஒரு வாரத்தில், தண்ணீரோ காப்பியோ குடிக்கும்போது யாருக்கெல்லாம் புரையேறியது? கொஞ்சம் கையைத் தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கைகள்! இதை உங்கள் டாக்டரிடம் சொன்னவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள்.

அநேகமாக எல்லாக் கைகளும் இறங்கிவிட்டன. நான் இங்கே வந்ததன் காரணம் அதுதான்.

புரையேறினால் நம் வீட்டில் என்ன செய்வோம்? உச்சந்தலையில் நாலு தட்டு தட்டி, 'யாரோ நினைக்கிறாங்க' என்போம். வெளியூரில் இருக்கிற மகன் பேரைச் சொல்வோம், கட்டிக்கொடுத்த மகள் பேரைச் சொல்வோம். அந்தப் பாசத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இளைப்பு உள்ள ஒருவருக்கு வாரத்தில் நாலு நாள், அஞ்சு நாள் புரையேறுகிறது என்றால், அது யாரோ நினைப்பதால் வருவதல்ல. நுரையீரல் நோய் தொண்டை வரை வந்துவிட்டது என்பதன் அடையாளம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதித் தருகிறோமே, அதுதான் நாள்பட்ட மூச்சடைப்பு நோய். மூச்சுக்குழல்கள் வருடக்கணக்கில் புண்பட்டுச் சுருங்கி, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தேங்கிக்கொள்வது. இந்தியாவில் இந்த நோய் 1990இல் 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இருந்தது, 2016இல் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இருந்தது என்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கு சொல்கிறது. மக்கள்தொகை கூடியதும் ஆயுள் கூடியதும் இதில் சேர்த்தி. அப்படியே வைத்துக்கொண்டாலும் சின்ன எண்ணிக்கை அல்ல.

பீடி, சிகரெட் பிடித்த ஆம்பளைகளின் வியாதி என்று இதை ஒதுக்கிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களுக்குப் போய், புகையே பிடிக்காத, 30 வயதைத் தாண்டிய 900 பெண்களைப் பரிசோதித்தார்கள். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கு 2.44 பேருக்கு இந்த நோய் இருந்தது. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்த பெண்களுக்கு, மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு. இங்கே இருக்கிற அம்மாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சீமைக்கருவேல விறகும், பருத்திமாரும், மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையும் எரித்து, ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதி ஊதிச் சமைத்த தலைமுறை நீங்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீர் விறகில்தான் காய்கிறது, மாட்டுக்குத் தவிடு விறகில்தான் வேகிறது. இதோடு இந்தப் பக்கத்துக் கல்குவாரித் தூசி. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் லாரியும். டி.பி. வந்து மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களிலும், நுரையீரலில் தழும்பு நின்று ஆயுசுக்கும் இளைப்போடு இருப்பவர்கள் நிறையப் பேர். காரணம் வேறுவேறு. மூச்சு வாங்குவது ஒன்றுதான்.

சரி, மூச்சு வாங்குவதற்கும் சோறு விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

தொண்டை என்பது காற்றுக்கும் சோற்றுக்கும் பொதுவான பாதை. அதற்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கம் குரல்வளை வழியாக நுரையீரலுக்கு, பின்பக்கம் உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு. ரயில் வரும்போது கேட்டை மூடி லாரியை நிறுத்துவதுபோல, ஒரு வாய் சோறு தொண்டைக்கு வந்ததும் உடம்பு மூச்சை நிறுத்துகிறது. குரல்வளை மேலே எழும்புகிறது, அதன் மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே நொடி. விழுங்கும்போது உங்கள் தொண்டை முடிச்சில் விரலை வைத்துப் பாருங்கள். ஏறி இறங்குவது தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. நல்ல உடம்புக்காரர் பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்போதுதான் விழுங்குகிறார். விழுங்கி முடித்ததும் மீதி மூச்சையும் வெளியேதான் விடுகிறார். யாரும் சொல்லித்தரவில்லை, உடம்பே செய்கிறது. எதற்கு? குரல்வளையின் விளிம்பில் ஒரு பருக்கை, ஒரு துளி ஒட்டியிருந்தால், வெளியே வரும் காற்று அதை மேலே தள்ளிவிடும்.

இளைப்புக்காரருக்கு இந்தத் தாளம் கெடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. இளைப்பு கூடியவருக்கு 25, 30. ஒரு நொடி மூச்சை நிறுத்துவதே அவருக்கு வேலை. விழுங்கியவுடன் காற்றுக்குத் தவித்து உள்ளே இழுக்கிறார். தொண்டையில் மிச்சமிருந்தது காற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. அமெரிக்காவில் 25 சி.ஓ.பி.டி. நோயாளிகளையும் 25 ஆரோக்கியமானவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். நோயாளிகள்தான் மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் அதிகமாக விழுங்கினார்கள், விழுங்கியபின் உள்ளிழுத்ததும் அவர்கள்தான். இன்னும் இருக்கிறது. காற்று தேங்கி நெஞ்சு பீப்பாய்போல விரிவதால் குரல்வளை கீழே இழுபடும், மேலே எழும்ப அதற்குக் கூடுதல் பலம் வேண்டும். சதை வற்றிப்போன உடம்பில் தொண்டைச் சதையும் வற்றித்தான் போயிருக்கும். வருடக்கணக்கான புகையாலும் இருமலாலும் குரல்வளையின் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும்.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை அதிகம் பயப்படுத்துவது. உணர்ச்சி மரத்தவருக்கு, தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. சத்தமில்லாமல் போகும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சளி நிறம் மாறும், காய்ச்சல் வரும், மூச்சு முட்டும். 'பனி ஒத்துக்கல', 'குளிர்ந்த தண்ணியில குளிச்சிட்டார்' என்பார்கள். ஊசி போட்டு, ஆவி மருந்து வைத்து, நாலு நாளில் வீட்டுக்கு அனுப்புவோம். அடுத்த மாதம் அதே ஆள், அதே கட்டில். சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விழுங்குவதில் கோளாறு இருப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சோதிக்கும் முறையைப் பொறுத்து இந்தக் கணக்கு ஏறும், இறங்கும். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பந்தலில் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். அறுபதைத் தாண்டியவர், வெங்காயம் அறுக்கப் போய்ப் பிழைத்தவர். ஒரே மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி என்று வந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஓடிற்று. "எப்படிம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லா சாப்புடுறேன்" என்றார். பக்கத்தில் நின்ற பேத்திதான், "பொய் சொல்லுது டாக்டர். அப்பாயி எங்களோட உக்காந்து சாப்புடுறதே இல்ல. எல்லாரும் சாப்பிட்ட பொறவு அடுப்படியில தனியா உக்காந்து, பாதியில வச்சிரும்" என்றது. வெளியே கடையிலிருந்து ஒரு டீ வாங்கிவரச் சொல்லி, அங்கேயே குடிக்கச் சொன்னேன். முந்தானையால் டம்ளரைப் பிடித்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, வாயில் படாமல் ஊற்றினார். இரண்டாவது மடக்கு. இருமவில்லை. கண்ணில் மட்டும் நீர் கட்டியது. "பேர் சொல்லுங்கம்மா" என்றேன். சொன்னார். குரல், கொப்பளிக்கும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கரகரவென்று இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவருக்கு வந்துகொண்டிருந்த சளிக்குக் காரணம் அந்த டம்ளரில் இருந்தது.

அவர் ஏன் மறைத்தார்? சபையில் எல்லார் முன்னாலும் இருமி, சோறு தெறித்து, மூக்கில் ஏறி அவமானப்படுவதைவிடத் தனியாக உட்கார்ந்து அரைவயிறு சாப்பிடுவது மேல் என்று நினைத்தார். இப்படி நினைப்பவர்கள் ஏராளம். கல்யாணப் பந்திக்குப் போவதை விட்டவர்கள், மகன் வீட்டுக்குப் போனால் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்று சொல்பவர்கள். இளைப்பு உள்ளவருக்கு மூச்சு விடுவதற்கே மற்றவர்களைவிட அதிக பலம் செலவாகிறது. அவருக்குத்தான் சோறு கூடுதலாக வேண்டும். அவர்தான் குறைத்துச் சாப்பிடுகிறார். சதை கரைகிறது, மூச்சு இழுக்கும் தசையும் கரைகிறது, இளைப்பு கூடுகிறது, அதனால் விழுங்குவது இன்னும் கெடுகிறது.

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். புரையேறுவதை மட்டும் பார்க்காதீர்கள். குடித்தபின் குரல் நீர் கட்டியதுபோல் மாறுகிறதா? ஒரு தட்டுச் சோற்றுக்கு அரைமணிக்கு மேல் ஆகிறதா? சாப்பிடும் நடுவில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறாரா? முன்பு விரும்பிச் சாப்பிட்டதை 'வேணாம்' என்கிறாரா? ஜாக்கெட்டும் வேட்டியும் தொளதொளவென்று ஆகிவிட்டனவா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி நம் பழக்கங்களுக்கு வருகிறேன். முதலில் அண்ணாந்து குடிப்பது. எச்சில் படாமல் குடிப்பதை நாம் நாகரிகம் என்று வைத்திருக்கிறோம். நல்ல தொண்டை உள்ளவருக்கு அதில் தவறில்லை. ஆனால் அண்ணாந்தால் கழுத்து பின்னுக்கு வளைகிறது, குரல்வளை வாசல் விரிகிறது, தண்ணீர் நிற்காமல் நேராகத் தொண்டைக்கு ஓடுகிறது. நாலைந்து மடக்கு குடித்து முடிக்கும்வரை மூச்சை அடக்க வேண்டும். இளைப்புக்காரரால் அது முடியாது. நடுவில் மூச்சு இழுப்பார், தண்ணீரும் கூடப் போகும். அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்துவிடுங்கள். உதட்டில் வைத்து, தலையை நேராகவோ மோவாயைச் சற்றுத் தாழ்த்தியோ, ஒரு சமயம் ஒரு சிறு மடக்கு. அவ்வளவுதான். நான் சொல்லும் வைத்தியத்தில் காசு இல்லாத வைத்தியம் இது. அந்த அம்மாவுக்கு முதலில் எழுதிக்கொடுத்ததும் இதுதான்.

அடுத்தது பழைய சோறு. இந்த ஊரில் பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் விட்டுவிடச் சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டீர்கள் என்று தெரியும். விடச் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரும் பருக்கையும் சேர்ந்தே வாயில் இருப்பதுதான் விழுங்கக் கஷ்டமானது. பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் தானாக வழுக்கித் தொண்டைக்கு முந்திவிடும். அப்போது மூச்சு திறந்திருக்கும். சோற்றைப் பிழிந்தெடுத்து, கெட்டித் தயிர் விட்டு நன்றாகப் பிசைந்து சாப்பிடுங்கள். நீராகாரத்தைத் தனியாக, மடக்கு மடக்காகக் குடியுங்கள். வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளாமல் வதக்கியோ தட்டியோ சேர்த்துக்கொள்ளலாம். தளரக் கரைத்த ரசம் சாதத்துக்கும் சேமியா பாயசத்துக்கும் இதே கணக்குதான்.

களியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் களியோ கம்பங்களியோ, உருண்டையைக் குழம்பில் தொட்டு மெல்லாமல் விழுங்குவது நம் வழக்கம். விழுங்கல் தளர்ந்தவருக்கு அந்த உருண்டை தொண்டையில் ஒட்டிக்கொண்டால் ஆபத்து. அதே மாவைக் கூழாகக் காய்ச்சிக் கொடுங்கள். பொரி, வறட்டுச் சப்பாத்தி, முறுக்கு, பொட்டுக்கடலை மாவு, இவை தூளாக உதிர்ந்து தொண்டையில் சிதறும். சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி, குழைந்த பொங்கல், மசித்த பருப்பு சாதம், குழைய வெந்த கீரை, அரைவேக்காடாக இல்லாமல் மெத்தென்று கிண்டிய முட்டை, இவை இறங்கும். மேலே ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் பலமும் கூடும். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை விட்டு, ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சு இழுக்க இடம் இருக்காது.

தண்ணீரையே கெட்டியாக்கிக் கொடுக்கும் மாவு கடைகளில் கிடைக்கிறது. இணையத்தில் பார்த்துவிட்டு அதை வாங்கி வந்து காட்டுகிறார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது. தண்ணீர் கெட்டியானால் பலர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். உடம்பில் நீர் குறைந்தால் சளி பிசினாக இறுகும், இருமித் துப்ப முடியாது. விழுங்கலைச் சோதித்த பிறகு, சோதித்தவர் சொன்னால் மட்டும் அது.

உட்காரும் விதத்துக்கு வருகிறேன். தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து சாப்பிட்டால் வயிறு மடங்கி மூச்சு திணறும். முதுகு நிமிர்ந்திருக்க நாற்காலி, பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், தட்டு முன்னால் உயரமாக. சாப்பிடுவதற்கு முன் கால்மணி நேரம் ஓய்வு. குளித்த கையோடு, கொல்லைக்குப் போய் வந்த கையோடு உட்கார வேண்டாம். மூச்சைத் திறக்கும் மருந்தை டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டுக்கு முந்திய நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாயில் ஒன்றை வைத்து மென்று, மூச்சை ஒரு கணம் நிறுத்தி, விழுங்கி, உடனே மெதுவாக வெளியே விடுங்கள். அதன் பிறகு இழுங்கள். அடுத்த வாய்க்கு அவசரம் வேண்டாம். டி.வி. பார்த்துக்கொண்டு, போன் பேசிக்கொண்டு சாப்பிடுவது அவருக்கு ஆகாது. சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் சாப்பிடும்போது மூக்குக் குழாயைக் கழற்றி வைக்கிறார்கள். கழற்றாதீர்கள். சாப்பிடுவது அவர்களுக்கு ஓர் உழைப்பு. அப்போதுதான் ஆக்சிஜன் வேண்டும்.

வாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாத்திரைப் பொடி உறிஞ்சும் மருந்திலும் பம்பிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அது நாக்கிலும் தொண்டையிலும் தங்கி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியும். விழுங்கினால் எரியும். சிலருக்கு டையோட்ரோப்பியம் போன்ற மருந்தால் வாய் காய்ந்துபோகும். எச்சில் இல்லாத வாயில் சோறு உருளாது. இதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். பம்பு என்றால் ஸ்பேசர் வைத்து இழுங்கள். பல்லும் முக்கியம். வாயில் உள்ள கிருமிதான் புரையேறும்போது நுரையீரலுக்குப் போகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு காலம், ஒரு பகுதியினருக்குத் தினமும் சாப்பாட்டுக்குப் பின் பல்லையும் வாயையும் சுத்தம் செய்துவிட்டுப் பார்த்தார்கள். 2002இல் முடிவை எழுதினார்கள். சுத்தம் செய்யாத பகுதியில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது, செய்த பகுதியில் 11 பேருக்கு. ஒரு பிரஷ்ஷும் கொஞ்சம் கவனிப்பும் செய்த வேலை. ராத்திரி படுக்கும்முன் வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். பல் செட்டைக் கழற்றிக் கழுவி வையுங்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் நடப்பது ஒன்று என் மனசை மிகவும் அறுப்பது. இளைப்பு முற்றி வந்தவருக்கு முகத்தில் மாஸ்க் கட்டிக் காற்றை அழுத்திச் செலுத்துகிறோம். பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லையே என்று மகளுக்குத் தவிப்பு. செவிலியர் அந்தப் பக்கம் திரும்பியதும் மாஸ்க்கைத் தூக்கி, படுத்த வாக்கிலேயே இரண்டு ஸ்பூன் பாலை வாயில் விட்டுவிட்டு, மாஸ்க்கைத் திரும்ப வைக்கிறாள். அடைத்த வாயில் இருந்த பாலை அந்தக் காற்றே உள்ளே தள்ளுகிறது. அவள் பாசத்தில் செய்தது அது. அவளைத் திட்டிப் பிரயோசனமில்லை. எப்போது கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று அவளிடம் நாங்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு முப்பது ஓடும்போது வாய் வழியாக எதுவும் வேண்டாம். சற்று அடங்கியபின், நிமிர்த்தி உட்காரவைத்து, விழிப்பாக இருக்கிறாரா என்று பார்த்து, மருத்துவரோ செவிலியரோ சொன்ன பிறகு கொடுங்கள். படுத்திருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

புரையேறி இருமிக்கொண்டிருப்பவரை இரும விடுங்கள். அந்த இருமல்தான் அவரைக் காப்பாற்றுவது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தலையில் தட்டுவதால் ஒன்றும் வெளியே வராது. இருமவும் முடியாமல், பேச்சும் வராமல், முகம் நீலம் பாரித்தால், முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஓங்கி ஐந்து முறை அடியுங்கள். வரவில்லையென்றால், பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேல் முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயும் ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விழுங்கக் கஷ்டம் என்றால் எல்லாமே இளைப்பால்தான் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் சோறு, பிறகு இட்லி, பிறகு கஞ்சி என்று படிப்படியாக அடைத்துக்கொண்டே போனாலோ, நெஞ்சில் சிக்கி நின்றாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, குரல் மூன்று வாரமாகக் கம்மியிருந்தாலோ உடனே எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். பீடி பிடித்தவர்களும் வெற்றிலையோடு புகையிலை போட்டவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். தொண்டையிலும் உணவுக்குழாயிலும் வரும் புற்றுநோயை முன்னாலேயே கண்டுபிடிப்பதற்கு இருக்கும் வழி அது. பக்கவாதம், நடுக்குவாதம் வந்தவர்களுக்கும் விழுங்கல் கெடும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். விழுங்கலைச் சோதிக்க இரண்டு நல்ல முறைகள் உண்டு. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்ப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கி, விழுங்கும்போது தொண்டையையே நேரில் பார்ப்பது இன்னொன்று. இதை 1988இல் அமெரிக்காவின் சூசன் லேங்மோர் குழுவினர் எழுதி அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன்னால், ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களை ஸ்பீச் தெரபிஸ்ட் என்கிறோம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களேதான் விழுங்கப் பயிற்சியும் கொடுப்பவர்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ, 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், 'எனக்கு இளைப்பு இருக்கிறது, விழுங்கும்போது புரையேறுகிறது' என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

கடைசியாக, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் என் சக மருத்துவர்களுக்கும். 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஸ்பீச் தெரபிஸ்ட் பணியிடம் விதியிலேயே இருக்கிறது. அது பதினெட்டு வயது வரைக்கானது. பேசத் திணறும் பிள்ளைகளுக்கு அது வேண்டும், ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் விழுங்கத் திணறும் பெரியவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அப்படி ஒருவர் தனியாக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் என்றாலும் போதும், தொடங்குங்கள். செட்டிகுளத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஆலத்தூர் கேட் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துத் திருச்சி போய்த் திரும்புவது ஓர் இளைப்புக்காரருக்கு எவ்வளவு பெரிய பயணம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதைவிடச் சுலபமாகச் செய்யக்கூடியது ஒன்று. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இன்று வீடு வீடாகப் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை கொடுக்கிறது. அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் சகோதரிகள் தெருவுக்குள் வருகிறார்கள், திண்ணையில் உட்காருகிறார்கள், எங்களைவிட உங்கள் அடுப்படியை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் இருக்கும் படிவத்தில், இளைப்பு என்று குறித்த ஒவ்வொருவரிடமும் கேட்க இரண்டு கேள்வி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாப்பிடும்போதோ குடிக்கும்போதோ இருமல் வருகிறதா, மூன்று மாதத்தில் எடை குறைந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விதான். 'ஆமாம்' என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. இதற்குப் புது இயந்திரம் தேவையில்லை, புதுக் கட்டடம் தேவையில்லை.

படிவம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே, வீட்டில் இளைப்பு உள்ள பெரியவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். எப்படி விழுங்குகிறார் என்று பாருங்கள். பார்த்ததை அடுத்த தடவை மருந்து வாங்க வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.